செட்டிநாட்டு வெயிலில் பேட்டரிகளைப் பேணுவது எப்படி: கைப்பேசி முதல் இன்வெர்ட்டர் வரை

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் வட்டாரத்தில் ஒரு வீட்டில் எத்தனை பேட்டரிகள் இருக்கின்றன என்று எண்ணினால், அந்த எண்ணிக்கை வீட்டிலுள்ள ஆள்களைவிடப் பன்மடங்காக இருக்கும். கைப்பேசி, மடிக்கணினி, பவர் பேங்க், இன்வெர்ட்டர், ஸ்கூட்டர், கார், சுவர்க் கடிகாரம், ஏ.சி. ரிமோட், டார்ச் என்று அவை முகப்பு முதல் பின்கட்டு வரை பரவியிருக்கின்றன. வாங்கும்போது விலையையும் கொள்ளளவையும் கவனமாக விசாரிக்கிறோம். வாங்கிய பிறகு அதை எந்த இடத்தில் வைக்கிறோம், எந்த நேரத்தில் சார்ஜ் போடுகிறோம், வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்படும்போது எந்த நிலையில் விட்டுச் செல்கிறோம் என்பவற்றை யாரும் பொருட்படுத்துவதில்லை. பேட்டரி இரண்டு ஆண்டில் சாகுமா, ஐந்து ஆண்டு உழைக்குமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை இந்த மூன்றுதான்.

பேட்டரியைப் பற்றிப் பேசக் காரைக்குடிக்கு உரிமை உண்டு. 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், ஊரார் ‘சிக்ரி’ என்று அழைப்பது, அழகப்பச் செட்டியார் வழங்கிய 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாய் நன்கொடையிலும் எழுந்தது. ஈய அமில பேட்டரி முதல் லித்தியம் பேட்டரி வரை அங்கே ஆய்வு நடக்கிறது. அப்படிப்பட்ட ஊரிலும், புதிய கைப்பேசி வாங்கினால் முதல் தடவை எட்டு மணி நேரம் சார்ஜ் போட வேண்டும் என்றும், முழுவதும் தீர்ந்த பிறகே மறுபடி போட வேண்டும் என்றும் இன்னமும் அறிவுரை சொல்லப்படுகிறது. அந்த அறிவுரை நிக்கல் காட்மியம் பேட்டரிகளின் காலத்தது. இன்றைய கைப்பேசியில் இருப்பது லித்தியம் பேட்டரி; அதை அடிக்கடி பூச்சியத்துக்கு இறக்குவது அதற்குச் செய்யும் தீங்கு.

இந்தக் கட்டுரை முழுவதற்கும் அடிப்படையான ஓர் உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் உள்ள பேட்டரிகள் முக்கியமாக இரண்டு இனம். கைப்பேசி, மடிக்கணினி, பவர் பேங்க், மின்சார ஸ்கூட்டர் ஆகியவற்றில் இருப்பது லித்தியம்; பெரும்பாலான இன்வெர்ட்டர்களிலும் கார்களிலும் இருப்பது ஈய அமிலம். பயன்படுத்தாமல் வைத்திருக்கும் காலத்தில் லித்தியம் பாதிச் சார்ஜில் இருக்க விரும்பும். ஈய அமிலம் முழுச் சார்ஜில் இருந்தே ஆக வேண்டும். இரண்டுக்கும் பொதுவான பகை வெப்பம்.

வெயிலும் கைப்பேசியும்

லித்தியம் செல்லின் உள்ளே, நாம் பயன்படுத்தாத நேரத்திலும் சிறு வேதிவினைகள் நடந்துகொண்டே இருக்கின்றன. அவை கிராஃபைட் மின்முனையின் மேல் படலமாகப் படிந்து, பயன்படக்கூடிய லித்தியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கின்றன. வெப்பம் ஏறினால் இந்த வினைகள் வேகமெடுக்கும். செல் முழுச் சார்ஜில், அதாவது 4.2 வோல்ட்டையோ அதற்கு மேலோ எட்டி நிற்கும்போதும் வேகமெடுக்கும். இரண்டும் சேரும்போதுதான் சேதம் மிகுதி. துறையில் பரவலாக வழங்கும் கணக்கு ஒன்றின்படி, 25 டிகிரி வெப்பத்தில் 40 சதவீதச் சார்ஜுடன் ஓராண்டு வைக்கப்பட்ட லித்தியம் செல் தன் கொள்ளளவில் ஏறத்தாழ 4 சதவீதத்தை இழக்கிறது. 40 டிகிரியில் முழுச் சார்ஜுடன் வைக்கப்பட்டது ஏறத்தாழ 35 சதவீதத்தை இழக்கிறது. ஆப்பிள் நிறுவனம் தன் கைப்பேசிகளை 0 முதல் 35 டிகிரி வரையுள்ள சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் நம் ஊர்த் திண்ணையின் நிழலே அந்த வரம்பைத் தாண்டிவிடும்.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, சார்ஜ் போடுவதற்கென்று வீட்டில் ஓர் இடத்தை முடிவு செய்வதாகும். தெருவிலிருந்து பின்தெரு வரை நீளும் செட்டிநாட்டு வீட்டில் எல்லாக் கட்டும் ஒரே சூட்டில் இருப்பதில்லை. தடித்த செங்கல் சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் உயர்ந்த கூரையும் உள்ள கீழ்த்தள அறைகள் நண்பகலிலும் குளிர்ந்திருக்கும். மாடி அறைகளோ பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவு வெகுநேரம் வரை வெளியிட்டுக்கொண்டிருக்கும். வளவை, அதாவது முற்றத்தைச் சுற்றிய கூடத்தை, ஒட்டிய உள்ளறை ஒன்றின், வெயில் படாத சுவரில் உள்ள பிளக்கைத் தேர்ந்தெடுங்கள். வளவின் ஓரத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள், முற்றத்து வெயில் மணிக்கு மணி இடம் மாறும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். காலில் மிதிபடாத மூலையாக இருந்தால், கைப்பேசியை ஆத்தங்குடிக் கல் தரையின் மேலேயே வைக்கலாம். கல் சூட்டை இழுத்துக்கொள்ளும். மெத்தை, தலையணை, மடித்த போர்வை ஆகியவற்றின் மேல் வைத்துச் சார்ஜ் போடக் கூடாது. ரப்பர் உறை தடிமனாக இருந்தால் அதைக் கழற்றிவிட்டுப் போடுவது நல்லது.

இடத்துக்கு அடுத்தது நேரம். இரவு முழுவதும் சார்ஜில் விட்டால் பேட்டரி வெடித்துவிடும் என்பது மிகையான அச்சம். நூறு சதவீதம் ஆனதும் கைப்பேசி தானாகவே நிறுத்திக்கொள்ளும். ஆனால் நள்ளிரவில் நூறை எட்டிய பேட்டரி விடியும் வரை அந்த உச்ச நிலையிலேயே, கோடைப் புழுக்கத்தில் கிடக்கிறது. அதைவிட, நாம் எப்படியும் கைப்பேசியைத் தொடாத நேரங்களோடு சார்ஜை இணைத்துக்கொள்வது எளிது. காலையில் குளியலும் பூசையும் பலகாரமும் முடியும் வரை ஒரு முறை, மாலையில் விளக்கேற்றும் நேரத்தில் ஒரு முறை என்று வைத்துக்கொண்டால் பேட்டரி பெரும்பாலும் முப்பதுக்கும் எண்பதுக்கும் இடையிலேயே உலவும். அடிக்கடி சொருகினால் ஆயுள் குறையும் என்று சிலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் தேவையில்லை. சார்ஜ் சுழற்சி என்பது எத்தனை முறை சொருகினோம் என்ற கணக்கன்று. இன்று பாதி, நாளை பாதி என்று செலவழித்து ஏற்றினால் இரண்டும் சேர்ந்து ஒரே சுழற்சிதான்.

பிள்ளைகள் சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருக்க, அவர்கள் அழைக்கும்போது கைப்பேசி அணைந்துவிடக் கூடாதே என்ற கவலையில் நாள் முழுவதும் அதைச் சார்ஜிலேயே வைத்திருக்கும் ஆச்சிமார் பலர். அவர்களிடம் பழக்கத்தை மாற்றச் சொல்வதைவிட, கைப்பேசியின் அமைப்பை மாற்றிக் கொடுப்பதே நியாயம். ஐபோன் 15 முதலான மாதிரிகளிலும், சாம்சங், பிக்சல் உள்ளிட்ட பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி பேட்டரி அமைப்புகளில் இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் நாள் முழுவதும் சொருகியிருந்தாலும் பெரிய கேடு இல்லை. மடிக்கணினியை எப்போதும் மின்சாரத்தில் இணைத்தே வேலை செய்பவர்களுக்கும் இதே வழிதான். அதே நேரத்தில் எண்பது என்ற எண்ணை விரதமாக்கிக்கொள்ள வேண்டியதில்லை: நகரத்தார் கோயில்கள் ஒன்பதையும் ஒரே நாளில் சுற்றி வரப் போகிறீர்கள் என்றால் நூறு வரை ஏற்றிக்கொண்டு புறப்படுங்கள். அன்றைக்கு அதைவிட முக்கியம், கோயிலுக்குள் போகும்போது கைப்பேசியைக் காரின் டாஷ்போர்டில் வெயில் படும்படி விட்டுச் செல்லாதிருப்பது. சுட்டுவிட்ட கைப்பேசியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதும் தவறு. உள்ளே ஈரம் பனித்து மின்சுற்றைக் கெடுக்கும். உறையைக் கழற்றி, மின்விசிறிக் காற்றில் வைத்தால் போதும்.

இத்தனையும் செய்தாலும் பேட்டரி ஒரு நாள் தளரும். ஐபோன் 14 வரையிலான மாதிரிகள் 500 முழுச் சுழற்சிகளிலும், ஐபோன் 15 வரிசை 1000 சுழற்சிகளிலும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டவை என்று ஆப்பிள் சொல்கிறது. கொள்ளளவு எண்பதுக்குக் கீழே இறங்கி, மதியமே கைப்பேசி அணையத் தொடங்கினால், புதிய கைப்பேசி வாங்குவதற்கு முன் பேட்டரியை மட்டும் மாற்ற முடியுமா என்று நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சேவை மையத்தில் கேளுங்கள். மற்றவையெல்லாம் நன்றாக இயங்கும் ஒரு கருவியை பேட்டரிக்காக மட்டும் தூக்கியெறிவது வீண் செலவு என்பது என் உறுதியான கருத்து. பின்மூடி உப்பியிருந்தால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. சார்ஜ் போடாமல், அழுத்தாமல், துளைக்காமல், துணியும் காகிதமும் இல்லாத கல் தரையில் தனியே வைத்து, உடனே சேவை மையத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

இன்வெர்ட்டருக்கு இடம் தேடுதல்

கைப்பேசியில் கெட்டால் சில ஆயிரம் ரூபாய். இன்வெர்ட்டர் பேட்டரியில் கெட்டால் செலவும் பெரிது, ஆபத்தும் பெரிது. இங்கே பெரும்பாலான வீடுகளில் இருப்பது 12 வோல்ட், 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) டியூபுலர் வகை ஈய அமில பேட்டரி. அதற்கு இடம் தேடும்போது, கண்ணில் படாத இடமாக இருந்தால் சரி என்று அடுப்படிக்குப் பக்கத்திலோ, பண்டபாத்திரம் வைக்கும் உக்கிராண அறைக்குள்ளோ, மேற்கு வெயில் விழும் பின்கட்டுத் தாழ்வாரத்திலோ வைத்துவிடுகிறார்கள். மூன்றும் பொருத்தமற்ற இடங்கள். ஈய அமில பேட்டரியின் வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி உயரும்போதும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்கள் கையாளும் தோராயக் கணக்கு. அடுப்படியும் மேற்கு வெயிலும் அதனால் விலக்கப்பட வேண்டியவை. உக்கிராண அறையில் வைத்தால், சார்ஜ் ஏறும்போது எழும் அமிலப் புகை அங்கே அடுக்கியிருக்கும் பித்தளை, வெண்கலச் சாமான்களை அரிக்கும்.

இன்னொன்றும் உண்டு. சார்ஜ் நிறையும் கட்டத்தில் இந்த பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை வெளியிடுகிறது. காற்றில் 4 சதவீதம் கலந்தாலே அது தீப்பற்றக்கூடியது. எனவே சாமி அறையிலோ, விளக்கு எரியும் மாடத்துக்குக் கீழேயோ, காற்றோட்டமில்லாத படிக்கட்டுக்கு அடியிலோ வைப்பது கூடவே கூடாது. இரண்டாங்கட்டுத் தாழ்வாரத்தின் நிழற்சுவர், காற்று இரு பக்கமும் வந்து போகும் இடமாக இருந்தால், மிகப் பொருத்தம். பேட்டரியைத் தரையில் நேரே வைக்காமல், அமிலத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் தட்டுள்ள வண்டியில் வையுங்கள். ஆத்தங்குடிக் கல் சிமென்ட்டால் ஆனது. முகப்புகளில் பதித்த இத்தாலியப் பளிங்கோ சுண்ணக்கல் இனம். கந்தக அமிலம் இரண்டையும் தின்னும். நூற்றாண்டு கண்ட தரையில் விழுந்த அமிலக் கறையைத் துடைத்து எடுக்க முடியாது. சிந்திவிட்டால் உடனே சமையல் சோடாவைத் தூவி, பொங்கி அடங்கியதும் நிறைய நீர் விட்டுக் கழுவுங்கள்.

டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது எல்லோரும் அறிந்ததுதான், ஆனால் செய்யும் முறையில் பிழைகள் மலிந்திருக்கின்றன. கோடையில் மாதம் ஒரு முறையும் மற்றக் காலங்களில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறையும், உள்ளே உள்ள நீரின் அளவைக் காட்டும் மிதவைக் குறியைப் பாருங்கள். குறி இறங்கியிருந்தால், பேட்டரி முழுச் சார்ஜான பிறகு, குறியிட்ட அளவு வரை மட்டும் ஊற்றுங்கள். அதற்கு மேல் ஊற்றினால் அமிலம் பொங்கி வழியும். அமிலத்தைச் சேர்க்கவே கூடாது, ஏனெனில் ஆவியாகிக் குறைவது நீர் மட்டுமே. குழாய் நீரும் ஆகாது. சுவைக்குப் பெயர்போன சம்பை ஊற்று நீரானாலும் அதில் கரைந்துள்ள உப்புகள் ஈயத் தகடுகளைக் கெடுத்துவிடும். முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், இன்வெர்ட்டரை அணைத்து, இணைப்பைக் கழற்றி, சோடா கலந்த வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்த பின் வேசலின் தடவுங்கள். அந்த வேலைக்கு முன் மோதிரம், வளையல், கைக்கடிகாரம், தொங்கும் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைக்க வேண்டும். இரு முனைகளையும் ஓர் உலோகம் தொட்டால் அது நொடியில் பழுக்கக் காய்ந்து தோலைச் சுட்டுவிடும்.

மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரத்தை நிறுத்தும் நாளில் பேட்டரி போதவில்லை என்பவர்கள் உடனே பெரிய பேட்டரியைத் தேடுகிறார்கள். முதலில் ஒரு சிறு கணக்குப் போடுங்கள். 12 வோல்ட்டை 150 ஆல் பெருக்கினால் 1800 வாட்-மணி. இழப்புகளைக் கழித்தால் கைக்கு வருவது ஆயிரத்துச் சொச்சம். தலா 75 வாட் மின்விசிறி இரண்டு, 9 வாட் எல்.இ.டி. விளக்கு நான்கு, 10 வாட் ரௌட்டர் ஒன்று என்றால் ஏறத்தாழ 200 வாட். புதிய பேட்டரி ஐந்து முதல் ஆறு மணி நேரம் தாங்கும். மின்விசிறிகளை மட்டும் சுமார் 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. வகைக்கு மாற்றினால் மொத்தச் சுமை பாதியாகி, அதே பேட்டரி ஏறத்தாழ இரு மடங்கு நேரம் ஓடும். மின்விசிறிக்கான செலவு பேட்டரிக்கான செலவைவிடக் குறைவு. மின்கட்டணமும் மாதாமாதம் குறையும். எனவே முதலில் மின்விசிறியை மாற்றுங்கள்.

பூட்டப்போகும் வீடு

இந்த வட்டாரத்துக்கே உரிய சிக்கல் இது. திருமணம், சாந்தி, படைப்பு, பொங்கல் என்று ஆண்டில் சில நாள்கள் மட்டும் திறக்கப்பட்டு, மற்ற மாதங்களில் பூட்டியிருக்கும் வீடுகள் ஊருக்கு ஊர் நிறைய உண்டு. பேட்டரிகள் அதிகம் சாவது அவற்றில்தான். பூட்டிய வீட்டில் விடப்பட்ட ஈய அமில பேட்டரி, சாதாரண வெப்பத்தில் மாதத்துக்கு ஏறத்தாழ 5 சதவீதச் சார்ஜைத் தானாகவே இழக்கும். வெப்பம் கூடினால் அந்த இழப்பு இரட்டிக்கும். சார்ஜ் இறங்கிய நிலையில் தகடுகளில் படியும் ஈய சல்பேட்டு நாளடைவில் கெட்டிப்பட்டு, பின்னர் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் கரையாமல் நின்றுவிடும். ஆறு மாதம் கழித்து வந்து பொத்தானை அழுத்தும்போது இன்வெர்ட்டர் கூவிவிட்டு அடங்குவதற்குக் காரணம் இதுவே.

ஆண்டில் இரண்டு மூன்று முறை மட்டும் திறக்கும் வீட்டுக்கு ஈய அமில பேட்டரி வாங்கவே வேண்டாம் என்பது என் முடிவு. விசேஷத்துக்கு எப்படியும் ஜெனரேட்டர் வாடகைக்கு வருகிறது. மற்ற நாள்களுக்குச் சார்ஜ் ஏற்றும் விளக்குகளும் ஒரு சிறு மின்விசிறியும் போதும். வீடு பங்காளிகள் பலருக்குப் பொதுவாக இருந்தால், பேட்டரிக்கு நீர் பார்ப்பது யார் பொறுப்பு என்பது முடிவாகாமலேயே அது வறண்டு போகும். இன்வெர்ட்டர் இருந்தே தீர வேண்டும் என்று கருதுபவர்கள், விலை கூடினாலும், லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையை வாங்குவது பொருத்தம்: அதற்கு நீர் தேவையில்லை, தானாக இழக்கும் சார்ஜும் குறைவு. புறப்படும்போது பாதிச் சார்ஜில் அணைத்துவிட்டுப் போகலாம்.

ஏற்கனவே ஈய அமில பேட்டரி இருந்தால் இரண்டு வழிகள் உண்டு. வீட்டைப் பார்த்துக்கொள்பவர் வாரந்தோறும் வந்து கூட்டிப் பெருக்குபவராக இருந்தால், மின்சாரத்தை நிறுத்தாமல் இன்வெர்ட்டரைச் சார்ஜிலேயே விட்டு, மாதம் ஒரு முறை மிதவைக் குறியைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்ளுங்கள். “அண்ணே, பேட்டரியப் பாத்தீங்களா?” என்று கேட்டால் “பாத்துட்டேன் தம்பி” என்ற பதில்தான் வரும், படம் அனுப்பச் சொன்னால் நீரின் அளவு உங்களுக்கே தெரியும். ஆள் வந்து போக வழியில்லாத வீட்டில், முழுச் சார்ஜ் ஏற்றி, குறி வரை நீர் நிரப்பி, எதிர்முனை (நெகட்டிவ்) இணைப்பைக் கழற்றிவிட்டுச் செல்லுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது யாராவது வந்து மறுபடி முழுச் சார்ஜ் ஏற்ற வேண்டும். வீட்டில் கார் நின்றால் அதற்கும் எதிர்முனையைக் கழற்றும் முறை பொருந்தும்.

கைவிடப்பட்ட பழைய கைப்பேசி, குழந்தைகளின் டேப்லெட், பவர் பேங்க் ஆகியவற்றை அலமாரியில் வைத்துப் பூட்டுவதற்கு முன் ஏறத்தாழப் பாதிச் சார்ஜில் அணைத்து வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மீண்டும் பாதி வரை ஏற்றுங்கள். மாடி அறை அலமாரியைத் தவிர்த்துக் கீழறையில் வையுங்கள். சுவர்க் கடிகாரம், ரிமோட், டார்ச் ஆகியவற்றின் செல்களை மறக்காமல் எடுத்துவிடுங்கள், ஏனெனில் அவை கசிந்து தொடுமுனைகளைத் தின்றுவிடும். ஆல்கலைன் செல் கசிந்திருந்தால் எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சால் துடைத்து உலர்த்தினால் பெரும்பாலும் கருவி பிழைத்துக்கொள்ளும். சாவி கொடுத்து ஓடும் பழைய கடிகாரங்கள் உள்ள வீட்டுக்காரர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

பயணமும் பழைய பேட்டரியும்

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ பறப்பவர்கள் பவர் பேங்கைக் கைப்பையில்தான் கொண்டு செல்ல வேண்டும். சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. 100 வாட்-மணி வரை முன் அனுமதி தேவையில்லை. பவர் பேங்கின் மேல் அந்த எண் இல்லையென்றால், மில்லி ஆம்பியர்-மணி (mAh) எண்ணை ஆயிரத்தால் வகுத்து 3.7 ஆல் பெருக்குங்கள்: 20,000 எனில் 74 வாட்-மணி. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்துவதையே தடை செய்திருப்பதால், புறப்படும் முன் வீட்டிலேயே கைப்பேசியை ஏற்றிக்கொள்ளுங்கள். வாங்கும்போது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது அவசியம்; எண் இல்லாத மலிவுப் பொருளை அன்பளிப்பாகக்கூட யாருக்கும் கொடுக்காதீர்கள்.

உழைத்து ஓய்ந்த பேட்டரியைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுவது வழக்கமாக இருக்கிறது. அவரிடமிருந்து அது எங்கே போகிறது, எந்தக் கொல்லையில் உடைத்து அமிலத்தை மண்ணில் ஊற்றுகிறார்கள் என்பது நமக்குத் தெரிவதில்லை. ஊருணிகளை நம்பி வாழ்ந்த வறண்ட பூமியில் ஈயம் நிலத்தடி நீரில் கலப்பதை நாம் பொறுத்துக்கொள்ள முடியாது. 2022 ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழையவற்றைத் திரும்பப் பெற்று முறையாக மறுசுழற்சிக்கு அனுப்புவது உற்பத்தியாளரின் கடமை. இன்வெர்ட்டர் பேட்டரியை, புதியது வாங்கும் முகவரிடமே ஒப்படைத்து, பழையதற்கான விலையைக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கைப்பேசி பேட்டரியையும் பவர் பேங்கையும் குப்பைத் தொட்டியில் போடாமல், முனைகளில் ஒட்டுநாடா சுற்றி, சேவை மையத்திலோ மின்கழிவு சேகரிக்கும் இடத்திலோ கொடுங்கள். முகவர் வண்டி வரும் வரை இன்வெர்ட்டர் பேட்டரியைச் சாய்க்காமல், மூடிகளை இறுக்கி, பிளாஸ்டிக் தட்டோடு பின்கட்டு நிழலில் நிமிர்ந்த நிலையில் வைத்திருங்கள். ஐம்பது கிலோவுக்கு மேல் எடையுள்ள அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்.